கேஸ் போன கேஸ்

அத்தியாயம் 3

"கேஸ் போயிடுச்சு மேடம்" என்றாள் வந்தவள்.

"இன்னும் எங்க கைக்கே வரலியே, அதுக்குள்ள எப்படிப் போவும்?" என்றான் ஜெயசீலன்.

"அந்தக் கேஸ் இல்ல சார். ஏசி கேஸ்."

"ஏசின்னா அசிஸ்டென்ட் கமிஷனரா? மேடம், இத நாம தொட வேணாம். நமக்கு போலீஸ் பகை ஆவாது."

அமிர்தவள்ளி காலண்டர் அட்டையால் விசிறிக்கொள்வதை நிறுத்தினாள். "ஜெயசீலா, வாய மூடிக்கினு ஃபேன நாலுல வெய்யி. நீ உக்காரும்மா. முதல்ல கொஞ்சம் தண்ணி குடி."

ஆம்பூர் பஜாரில், ஷூ லேஸ் மொத்த வியாபாரக் கடையின் மாடியில் இருக்கிறது அமிர்தா துப்பறியும் நிலையம். அமிர்தவள்ளிக்கு வயது நாற்பத்தேழு. பத்தொன்பது வருடம் ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்த்தவள். வேலையை விட்டு வந்த பிறகும் அந்தக் கண் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. ஜெயசீலன் அதே கம்பெனியின் பேக்கிங் செக்ஷனில் இருந்தவன். டப்பாவை மூடத் தெரிந்த அளவுக்கு வாயை மூடத் தெரியாததால் வெளியே அனுப்பப்பட்டவன். இப்போது இவளுக்கு உதவியாளன்.

மணி ஒன்றரை. கத்திரி முடிந்து பத்து நாள் ஆகியும் அந்தச் செய்தி வெயிலுக்கு எட்டவில்லை.

வந்தவள் பெயர் மேகலா. வயது இருபத்தெட்டு. நாட்றம்பள்ளிக்காரி. ஐ.டி.ஐ. படித்த ஏசி மெக்கானிக். ஸ்கூட்டரில் ஏணியைக் கட்டிக்கொண்டு போகிற ஒரே பெண் என்பதால் ஆம்பூரில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். நேற்று முதல் மீதிப் பாதிக்கும் தெரிந்துவிட்டது. அதுதான் பிரச்சினை.

"நயீம் அகமதுன்னு ஒருத்தரு. தோல் பதனிடற ஷாப்ல ஃபினிஷிங் இன்சார்ஜ். ரெண்டு வருஷம் முன்னாடி பழைய விண்டோ ஏசிய எடுத்துட்டு, ஹாலுக்கு ஒண்ணு, பெட்ரூமுக்கு ஒண்ணு புதுசா இன்வெர்ட்டர் ஏசி போட்டாரு. நான்தான் மாட்டினேன். பெட்ரூம் ஏசியில மட்டும் ஒரு வருஷமா கேஸ் நிக்கவே மாட்டேங்குது. நாலு தடவ நிரப்பிட்டேன். உள்ள இருக்கிற காப்பர் காயில்ல ஊசிமுனை மாதிரி ஓட்டை. ஒண்ண அடைச்சா பக்கத்துல இன்னொண்ணு வருது."

"அவரு இன்னா சொல்றாரு?"

மேகலாவின் முகம் சுருங்கியது. "அடிக்கடி வேலை வர்றதுக்காக நானே ஊசியால குத்துறேனாம். நேத்து தெருவுல நின்னு, நாலு பேர் பாக்க, 'திருடி'ன்னு சொல்லிட்டாரு மேடம்."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஜெயசீலன் யாரும் சொல்லாமலே எழுந்து போய் ஃபேனை ஐந்தில் வைத்தான்.

"இன்னொண்ணும் இருக்கு" என்று தொடர்ந்தாள். "அவரு மச்சான் கலீமுல்லா, லேடீஸ் ஹாஸ்டல் மேனேஜர். நாப்பத்திரெண்டு ரூம் ஏசிய வருஷம் பூரா நான் பாத்துக்கற மாதிரி பேசி முடிச்சிருக்கோம். இன்னிக்கு நாலு மணிக்கு அக்காவப் பாக்க நயீம் சார் வீட்டுக்கு டீ குடிக்க வர்றாரு. நயீம் சார் அவர்கிட்ட சொல்லிட்டா என் கதை முடிஞ்சுது. அப்புறம் இந்த ஊர்ல எவன் வீட்டு ஏசியையும் நான் தொட முடியாது."

"வேற மெக்கானிக் எவனாவது பொறாமையில குத்தியிருப்பானா?" என்றான் ஜெயசீலன்.

"பெட்ரூமுக்குள்ள எவன் சார் போவான்? மத்த மெக்கானிக்குங்க எல்லாம் ஒரே பதில்தான் சொல்றாங்க. 'ஊரு காத்து சரியில்ல, தோல் ஷாப் காத்து காப்பர தின்னுது'ன்றாங்க."

"ஊரு காத்து ஹாலத் தாண்டி பெட்ரூமுக்கு மட்டும் போவுதா?" அமிர்தவள்ளி செருப்பை மாட்டினாள். "பத்தொன்பது வருஷத்துல நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான் மேகலா. ஒத்தை ஷூவப் பாத்து ரிஜெக்ட் போடக் கூடாது. ஜோடிய பக்கத்துல வெச்சுப் பாக்கணும். வா, ஜோடியப் பாப்போம்."

தெருவில் இறங்கியதும் ஜெயசீலன் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டான். "இந்த ஊர்ல மாட்டத்தான் உரிச்சுப் பதப்படுத்துறாங்க. நம்மள உயிரோடயே பண்றாங்க மேடம்."

*

நயீம் அகமது நல்ல மனிதர்தான். ஆனால் தான் நினைத்தது தவறாக இருக்கக்கூடும் என்ற சந்தேகம் அவருக்கு வாழ்க்கையில் ஒருமுறைகூட வந்ததில்லை. கதவைத் திறந்தவர் மேகலாவைப் பார்த்ததும் மூடப் போனார். பின்னாலிருந்து அவர் மனைவி முனவ்வர் பேகம் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"வெயில்ல வந்திருக்காங்க, உள்ள விடுங்க. நாலு வார்த்த கேட்டா இன்னா கொறைஞ்சுடுவீங்க?"

நயீம் வழிவிட்டார். வாய் மட்டும் வழிவிடவில்லை. "துப்பறியறீங்களா? துப்பு நான் குடுக்கறேன், எழுதிக்கோங்க. காயில்ல ஊசி குத்துன ஓட்டை. எலிக்கு ஊசி புடிக்கத் தெரியாது. என் பொண்டாட்டிக்கு ஏணி ஏறத் தெரியாது. மிச்சம் யாரு?"

"நீங்க" என்றான் ஜெயசீலன்.

"அரே! என் ஏசிய நானே குத்துவேனா?"

"கேட்டு வெச்சுக்கறது எங்க வழக்கம் பாய். கோச்சுக்காதீங்க."

முதல் ஜோடி வெளியே இருந்தது. பக்கத்துச் சந்துப் பக்கமிருந்த சன்ஷேடில் இரண்டு அவுட்டோர் யூனிட்டும் அருகருகே நின்றன. மேகலா ஏறி மூடிகளைக் கழற்றினாள். அமிர்தவள்ளி மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். இரண்டிலும் செம்புக் குழாய்கள் ஒரே மாதிரி மங்கிய பழுப்பில் இருந்தன. தூசி உண்டு, வேறு சேதம் இல்லை.

"ஊரு காத்துல ராவும் பகலும் நிக்கறது இதுங்க ரெண்டும்தான். இதுங்களுக்கு ஒண்ணும் ஆவல."

"அப்ப ஊரு காத்துக்கு ஜாமீன் குடுத்துடலாம் மேடம்" என்றான் ஜெயசீலன்.

இரண்டாவது ஜோடி உள்ளே. ஹால் ஏசியின் முன்மூடியைத் திறந்தபோது காயிலின் வளைவுகள் செம்பு நிறத்தில் தெரிந்தன. பெட்ரூம் ஏசியைத் திறந்தபோது அதே வளைவுகள் கரிக்கட்டை நிறத்தில் இருந்தன.

"தூசி" என்றார் நயீம்.

அமிர்தவள்ளி ஏணியில் ஏறி வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தாள். கைக்குட்டை வெள்ளையாகவே திரும்பி வந்தது. "தூசின்னா துணிக்கு வரணும் சார். இது செம்போட தோலே கறுத்துப் போச்சு."

"நான் அப்பவே கறுத்துடுச்சுன்னு சொன்னேன் மேடம்" என்றாள் மேகலா. "இவங்க வீட்ல போடற லோபான் சாம்பிராணி புகைன்னு சொல்லிட்டாரு."

"ஆமா. வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை லோபான் போடறோம்" என்றார் நயீம்.

"எங்க போடுவீங்க?"

"ஹால்ல" என்றாள் முனவ்வர் பேகம்.

நயீம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டீ வந்தது. டீயை வைத்துவிட்டு பேகம் பீரோ மேலிருந்த ஒரு வெள்ளிப் பன்னீர்ச் செம்பை எடுத்து அமிர்தவள்ளியின் மடியில் வைத்தாள். செம்பு கன்னங்கரேலென்று இருந்தது.

"துப்பறியறவங்கதானே நீங்க? இதையும் சேத்து அறிஞ்சு சொல்லுங்க. வேலூர்ல ஒரு கடையில ஜோடியா வாங்கினேன். ஹால் ஷோகேஸ்ல இவரோட ஷீல்டெல்லாம் வரிசையா நிக்குது, ஒரு செம்புக்குத்தான் இடம் கெடைச்சுது. இன்னொண்ண இந்த ரூம்ல வெச்சேன். ஹால்ல இருக்கறது பளபளன்னு இருக்கு. இது இப்படி ஆயிடுச்சு. ஜோடியில ஒண்ணுல கலப்படம் பண்ணிட்டான். அந்தக் கடைக்காரன நான் சும்மா விடப் போறதில்ல."

"வீட்டுக்கு ஒரு திருடன் பத்தலன்னு ஆளுக்கொரு திருடனா?" என்றான் ஜெயசீலன்.

அமிர்தவள்ளி சிரிக்கவில்லை. அவள் இன்னொரு செம்பைக் கொண்டுவரச் சொன்னாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கவிழ்த்து, சுற்றி, பத்தொன்பது வருடப் பழக்கத்தோடு பார்த்தாள்.

"பளபளன்னு இருக்கறதுக்கு அடியில ஒரு நசுங்கல் இருக்கே."

"வாங்கின வாரமே என் கையிலேருந்து விழுந்துடுச்சு."

"இதுங்களுக்கு எப்பவாவது பாலிஷ் போட்டீங்களா?"

"இந்த ரம்ஜானுக்கு முன்னாடி போட்டேன். அப்பவே ரூம்ல இருந்தது கறுத்துத்தான்..." பேகம் பாதியில் நின்றாள். நசுங்கிய செம்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யா அல்லா. அப்ப கறுத்தது இந்த நசுங்கினது. நசுங்கல் தெரியக் கூடாதுன்னு இதத்தான் ரூம்ல வெச்சிருந்தேன். பாலிஷ் போட்டுட்டு வந்து மாத்தி வெச்சிருக்கேன்!"

"சரியா சொன்னீங்க. அப்ப கறுத்தது இப்ப ஹால்ல பளபளன்னு இருக்கு. அப்ப பளபளன்னு இருந்தது இப்ப இங்க வந்து கறுத்துடுச்சு. கலப்படம் வெள்ளியில இல்லம்மா, இந்த ரூம்ல." அமிர்தவள்ளி எழுந்தாள். "கடைக்காரர விட்டுடுங்க. மேகலாவையும் விட்டுடுங்க. ஏசி காப்பரையும் வெள்ளியையும் கறுப்பாக்கினது ஒரே ஆளு. இந்த ரூமுக்குள்ளதான் இருக்கான்."

ஜெயசீலன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

*

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. நயீம் அசைந்து கொடுப்பதாக இல்லை. "ரூம் கறுப்பாக்குதாம்! பத்து வருஷமா இந்த ரூம்லதான் படுத்துக்கறேன். நான் கறுத்தா போயிட்டேன்?"

அமிர்தவள்ளி சுற்றிலும் பார்த்தாள். சுவரில் பச்சை நிற பெயின்ட் புதிதாக இருந்தது. "எப்ப அடிச்சீங்க?"

"போன வருஷம் ரம்ஜானுக்கு."

"மேகலா, முதல் தடவ கேஸ் எப்பப் போச்சு?"

"அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு." மேகலா சட்டென்று நிமிர்ந்தாள். "மேடம், பெயின்டா?"

"பெயின்ட் இல்ல. பெயின்ட் அடிக்கறப்ப வேற இன்னா பண்ணாங்கன்னு பாக்கணும். ஏசியிலேருந்து தண்ணி வடியுமே, அது எங்க?"

"நான் மாட்டும்போது பைப்ப சந்துப் பக்கம் வெளிய விட்டு, கீழ பக்கெட் வெச்சேன். இப்ப பைப்பு சுவத்துக்குள்ள போவுது. எங்க போவுதுன்னு கேட்டேன், வெளியதான்னு சொன்னாரு."

நயீமின் முகத்தில் முதல் தடவையாகப் பெருமை வந்தது. தன் வீட்டு வேலையைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று ஏங்குகிற சாதி அவர். "பக்கத்து வீட்டு சர்தார் பாஷா கார் மேல சொட்டுதுன்னு ஒரே பேஜார். நானே நின்னு கன்சீல்டு பண்ணேன். கண்ணுக்கே தெரியாது. எங்க தோல் ஷாப்ல கேட்டுக்குப் பக்கத்துலயே போர்டு வெச்சிருக்கோம், 'ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது'ன்னு. தண்ணின்னு இருந்தா லைன்ல சேரணும். முப்பது வருஷமா அதுதான் எனக்குச் சட்டம். தொழிற்சாலைக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணா?"

"எந்த லைன்ல சார் சேத்தீங்க?"

"லைன்லதான். சேர வேண்டிய எடத்துல சேருது. இப்ப அதுவா முக்கியம்?"

அமிர்தவள்ளி மேற்கொண்டு கேட்கவில்லை. பேகத்தைத் தனியே சமையலறைக்குக் கூட்டிப்போனாள். "இந்த ரூம்ல வாசனை எப்படிம்மா?"

"ஒரு மாதிரிதான் இருக்கும். சொன்னா, 'என் சட்டையில வர்ற தோல் ஷாப் வாசனை'ன்னு சொல்வாரு. எங்க வீட்டுல எந்த வாசனை வந்தாலும் அது அவரு சட்டைதான்."

ஆம்பூரில் மூக்கைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது என்று அமிர்தவள்ளிக்குத் தெரியும். வேறு வழி வேண்டும். "வீட்ல நல்லா தூக்கலா மணக்கற பொருள் இன்னா இருக்கு?"

பேகம் யோசித்தாள். பிறகு அவள் கண்ணில் ஒரு குறும்பு வந்தது. அலமாரிக்குள் கைவிட்டு, பட்டுத்துணியில் சுற்றிய ஒரு சின்னப் புட்டியை எடுத்தாள். "இவரோட ஊது அத்தர். பெருநாளைக்கு மட்டும் ஒரு துளி தொட்டுக்குவாரு. என்னத் தொடவே விடமாட்டாரு."

"எவ்ளோ எடுத்துக்கலாம்?"

"பூரா எடுத்துக்கோங்க" என்றாள் முனவ்வர் பேகம், மனப்பூர்வமாக.

ஒரு பக்கெட் வெந்நீர். அதில் ஒரு புட்டி அத்தர். ஜெயசீலன் அதைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனான். போகும்போது முனகினான். "அரபு நாட்டு ஷேக்குகூட இப்படிக் குளிச்சிருக்க மாட்டான். கேக்கறவங்ககிட்ட இன்னான்னு சொல்றது?"

பெட்ரூம் கதவையும் ஜன்னலையும் அமிர்தவள்ளி சாத்தினாள். உள்ளே நயீம், மேகலா, அவள், மூன்றே பேர். ஏசியின் காற்றாடி மட்டும் வேகமாக ஓடியது.

"இன்னா நடக்குது இங்க?" என்றார் நயீம்.

"சும்மா உக்காருங்க சார். அஞ்சு நிமிஷம்."

இரண்டு நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மேகலா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி மூன்றே முக்கால். மூன்றாவது நிமிடம் நயீமின் மூக்கு விடைத்தது. முகம் மலர்ந்தது. கண்ணை மூடி ஆழமாக இழுத்தார்.

"சுபஹானல்லா! இன்னா வாசனை!" பிறகு கண்ணைத் திறந்தார். "இது என் ஊது அத்தர் ஆச்சே. யாரு போட்டுக்கிட்டது?"

அமிர்தவள்ளி கையை விரித்துக் காட்டினாள். மேகலாவும் காட்டினாள். நயீம் எழுந்து அறையைச் சுற்றி மோந்துகொண்டே வந்து, ஏசிக்கு நேர் கீழே நின்றார்.

"ஏசி போட்டுக்கிச்சு சார்" என்றாள் அமிர்தவள்ளி.

கதவு திறந்தது. காலி பக்கெட்டோடு ஜெயசீலன். "ஊத்திட்டேன் மேடம். ஒரு சொட்டு வெளிய போவல."

"எங்கடா ஊத்தின?"

"கொல்லையில, செப்டிக் டேங்குக்குப் போற லைன்ல."

நயீம் கட்டிலில் உட்கார்ந்தார்.

அமிர்தவள்ளி குரலை உயர்த்தவில்லை. "ஏசித் தண்ணிய நேரா கக்கூஸ் லைன்ல சேத்துட்டீங்க. நடுவுல தண்ணி தேங்கி நின்னு கேஸத் தடுக்கற வளைவு எதுவும் வெக்கல. தண்ணி கீழ போற வழியாவே டேங்க் கேஸ் மேல வருது. ஏசி காத்தாடி அத உறிஞ்சி இழுக்குது. காப்பரத் தின்னது அதுதான், அதுல ஓட்டை போட்டதும் அதுதான். ஒரு கேஸ் உள்ள வந்து இன்னொரு கேஸ வெளிய தள்ளிடுச்சு. ஹால் ஏசி பைப்பு இன்னும் தோட்டத்துப் பக்கம்தான் சொட்டுது, அதனால அதுக்கு ஒண்ணும் ஆவல. ஊசி மேகலா கையில இல்ல சார். உங்க போர்டுல இருந்துச்சு."

அறை முழுக்கப் பெருநாள் மணந்தது.

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது.

*

கலீமுல்லா ஃபைலோடு உள்ளே வந்தார். "அட, மேகலாவும் இங்கதான் இருக்கியா? நல்லதாப் போச்சு. பேப்பர் கையோட கொண்டாந்திருக்கேன். பாய்ஜான், நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா கையெழுத்து போட்டுடலாம். பொண்ணு வேலை எப்படி?"

நயீம் மேகலாவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பேகத்தின் பார்வையில் இருந்ததை எழுதாமல் விடுவதே மரியாதை.

"வேலை சுத்தம்" என்றார் நயீம். தொண்டையைச் செருமிக்கொண்டார். "தப்பு என்னுது கலீம். ஏசி பைப்ப செப்டிக் லைன்ல விட்டது நான்தான். அதுதான் ஏசியக் கெடுத்துச்சு. பழிய இந்தப் பொண்ணு மேல போட்டுட்டேன்."

கலீமுல்லா பாராட்டுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவரோ ஃபைலை நழுவவிட்டார்.

"செப்டிக் லைன்ல விடக்கூடாதா?"

"ஏன் கேக்கற?"

"பாய்ஜான்! போன மாசம் நீங்கதானே சொன்னீங்க, 'ஒரு சொட்டு வெளிய விடாத, என் வீட்டப் பாத்துக் கத்துக்கோ'ன்னு! கொத்தனார வெச்சு நாப்பத்திரெண்டு ரூம் பைப்பையும் உள்ள தள்ளிட்டேனே! பத்து நாளா பொண்ணுங்க எல்லாம் வாசனை வாசனைன்னு கத்துதுங்க. சாம்பார் மேல பழி போட்டு சமையல்காரன மாத்தினேன்!"

ஜெயசீலன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மூணாவது திருடன் சமையல்காரனா!"

"மேகலா, நீ நாளைக்கே வரணும்" என்றார் கலீமுல்லா. அவர் குரலில் மேனேஜர் யாரும் இல்லை. "காலையிலயே வந்துடும்மா."

"வர்றேன் சார். இன்னும் காயில் எதுவும் கெட்டிருக்காது. பைப்ப வெளிய எடுத்து வளைவு போட்டுட்டா பொழைச்சுக்கும். இங்க காயிலயே மாத்தணும், அதையும் நான் பாத்துக்கறேன்." மேகலா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். கண்ணைத் தாழ்த்தவில்லை. "ஆனா நயீம் சார், நேத்து நீங்க என்னத் திருடின்னு சொன்னது இந்த ரூமுக்குள்ள இல்ல. தெருவுல."

நயீம் எழுந்து, ஹாலைக் கடந்து, செருப்புகூடப் போடாமல் கேட்டைத் திறந்துகொண்டு வெயிலில் இறங்கினார். பக்கத்து வீட்டு சர்தார் பாஷா காருக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. நேற்று பார்த்த அதே தலைகள்தான்.

"பாஷா பாய்!" நயீம் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "நேத்து நான் சொன்னது தப்பு! இந்தப் பொண்ணு திருடி இல்ல! நான்தான் முட்டாள்!"

மேகலா கேட்டருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சர்தார் பாஷா உறையின் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரெண்டுமே எனக்கு முன்னாடியே தெரியும் பாய்" என்றார்.